பேரரசன் ஒரு பக்கம், ஊர் மறுபக்கம்

என் மரத்தட்டில் வரிசையாகக் கிடக்கும் ரோமானியக் காசுகள் எதிலும் ரோம் என்ற பெயர் இல்லை. இலத்தீன் எழுத்து ஒன்றுகூட இல்லை. முகப்பில் பேரரசர் ஒருவரின் தலை. அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகளில் அவருடைய பட்டங்கள். திருப்பிப் பார்த்தால் ஒரே ஊரின் பெயர்: நிக்கேயாக்காரர்களுடையது. அடுத்த காசை எடுத்தாலும் நிக்கேயாக்காரர்களுடையது. தலை யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், காசு எங்களுடையது என்பதில் அந்த ஊராருக்கு ஐயமே இருந்ததில்லை.

நிக்கேயா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் அங்கே கூட்டிய கிறிஸ்தவ ஆயர்களின் பொதுச்சங்கம். தேவாலயங்களில் சொல்லப்படும் விசுவாச அறிக்கைகளில் ஒன்று இன்றும் அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. எனக்கு வேண்டிய நிக்கேயா அதற்கு முந்தையது. வடமேற்குத் துருக்கியில், ஏரிக்கரையில், இஸ்னிக் என்ற சிற்றூராக இன்று இருக்கும் அது ரோமானியர் காலத்தில் பித்தினியா மாகாணத்தின் பெரிய நகரம். ‘பெரிய நகரம்’ என்று நான் எழுதுவதைப் பக்கத்து நகரமான நிக்கோமீடியாவின் ஆட்கள் படித்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அந்தச் சண்டைக்காகவே நான் இந்தக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கினேன் என்றாலும் தவறில்லை.

பேரரசின் பொன் நாணயத்தை ஆட்சி தன் பிடியை விட்டு நழுவவிடவில்லை. வெள்ளியிலும் ஏறக்குறைய அப்படித்தான். சில்லறை விஷயத்தில் மட்டும் கிழக்கு மாகாணங்களின் ஊர்களை அவற்றின் போக்கில் விட்டுவைத்தது. ஜூலியஸ் சீசரின் கடைசி நாட்கள் தொடங்கி டயோக்ளீஷியன் காலம் வரை 500க்கும் மேற்பட்ட ஊர்கள் தமக்கான வெண்கலக் காசுகளைத் தாமே அடித்துக்கொண்டன. மேற்கிலும் தொடக்கத்தில் இந்த வழக்கம் இருந்தது. இன்றைய பிரான்சின் நீம் நகரம் அகஸ்டஸ் காலத்தில் அடித்த, ஈச்ச மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலைக் காசைப் படத்திலாவது பலர் பார்த்திருப்பார்கள். எகிப்தைப் பிடித்ததன் நினைவு அது. ஆனால் மேற்கில் கிளாடியஸ் காலத்துக்குள் ஊர்களின் காசடிப்பு ஓய்ந்துவிட்டது. கிழக்கில் அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சம்மட்டி ஓயவில்லை.

ஊர்கள் ஏன் இதற்கு மெனக்கெட்டன? பெருமை ஒரு காரணம் என்றால் காசு இன்னொரு காரணம். ஹேட்ரியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பெர்கமோன் நகரில் கிடைத்திருக்கிறது. அங்கே நாணய மாற்றுக்காரர்கள் ஒரு வெள்ளித் தெனாரியஸுக்கு 17 வெண்கல அசாரியா கொடுத்தார்கள்; தெனாரியஸ் வேண்டும் என்று வந்தவரிடம் 18 வாங்கினார்கள். வெளியூர் வணிகன் சந்தைக்குள் நுழையும்போது ஒரு தெனாரியஸை மாற்றி, வெளியேறும்போது அதைத் திரும்ப வாங்கினால், அசாரியாவில் ஒன்றை இழப்பான். இந்த மாற்று உரிமையை ஊர் குத்தகைக்கு விட்டது. சில்லறை ஊரோடு தங்கிவிட வேண்டும் என்பதில் ஊருக்கு இருந்த அக்கறை இப்போது புரிந்திருக்கும்.

சேகரிப்பாளர்களிடையே இந்தக் காசுகளுக்கு நீண்ட காலம் மதிப்பு இருக்கவில்லை. கிரேக்க நாணயம் சேர்ப்பவர் இதில் ரோமானியத் தலையைப் பார்த்து முகம் சுளித்தார். ரோமானிய நாணயம் சேர்ப்பவர் கிரேக்க எழுத்தைப் பார்த்து ஒதுக்கினார். ‘கிரேக்க இம்பீரியல்’ என்ற இரண்டுங்கெட்டான் பெயரில் அருங்காட்சியகத் தட்டுகளின் கோடியில் அவை கிடந்தன. நிலைமை மாறியது 1992இல். ரோமன் புரொவின்ஷியல் காயினேஜ் என்ற பேரட்டவணையின் முதல் தொகுதியை ஆண்ட்ரூ பர்னெட், மிஷெல் அமாந்த்ரி, பேரே பாவ் ரிப்போயெஸ் ஆகியோர் வெளியிட்டார்கள். இப்போது அதன் பெரும்பகுதி ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என்னைப் போன்ற சம்பளக்காரன் இந்தத் துறைக்குள் நுழைய முடிந்ததற்கு அந்த அட்டவணைதான் காரணம். கையில் இருக்கும் காசின் எடையையும் விட்டத்தையும் நான்கு கிரேக்க எழுத்துகளையும் கொடுத்தால், அதே அச்சில் பிறந்த அதன் உடன்பிறப்பு பாரிஸிலோ பெர்லினிலோ இருப்பதைத் திரையில் காட்டிவிடுகிறது.

விலையைப் பற்றி ஒரு சொல். நான் வாழும் ஜெர்மனியில், தேய்ந்த நிக்கேயாக் காசு ஒன்றை ஒரு குடும்பம் உணவகத்தில் சாப்பிடும் செலவுக்கும் குறைவாக ஏலத்தில் எடுக்கலாம். அதே ஊரின் பெரிய, படம் தெளிவான காசுக்குப் பல நூறு யூரோ ஆகும். பணக்காரர்கள் அடித்துக்கொள்வது அங்கேதான். எனக்குத் தேய்ந்தவற்றில் மனக்குறை இல்லை. சந்தையில் புழங்கிய காசு தேயாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்! புதிதாக வருபவர்கள் இன்னொன்றையும் கண்டு மிரள்வார்கள். இவ்வகைக் காசுகள் பலவற்றின் நடுவில், இரண்டு பக்கமும், ஊசி குத்தியது போன்ற சிறு குழி இருக்கும். யாரோ பாழாக்கியது அல்ல. அடிப்பதற்கு முன் வெற்று வில்லையைப் பிடித்துச் சுழற்றிச் சீர்செய்தபோது விழுந்தது. பேரரசரின் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குழியைக் கண்டால் எனக்குச் சற்று நிம்மதி.

இனிச் சண்டைக்கு வருவோம்.

நிக்கேயாவும் நிக்கோமீடியாவும் ஒரே மாகாணத்தின் இரண்டு நகரங்கள். நிக்கோமீடியா கடலோரத்தில், இன்றைய இஸ்மித். பழைய பித்தினிய மன்னர்களின் தலைநகரம் அதுதான். நிக்கேயா உள்நாட்டில், வளமான மண்ணில். இரண்டில் எது ‘முதல் நகரம்’ என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடை கிடைக்கவில்லை. அந்தப் பட்டத்தோடு வரியோ நிலமோ படையோ ஒட்டிக்கொண்டு வரவில்லை. மாகாண விழாவில் ஊர்வலத்தின் முன்னே யார் போவது என்பதில்தான் அது செல்லுபடியானது. தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலைக்கு என்று இரண்டு ஊர்கள் நீதிமன்றம் வரை போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டொமீஷியன் காலத்து நிக்கேயாக் காசுகளில் ‘மாகாணத்தின் முதல்வர்களான நிக்கேயாக்காரர்கள்’ என்று எழுதியிருக்கிறது. ஹெராக்ளிஸையும் டயனைசஸையும் தம் ஊரை நிறுவியவர்களாகப் பொறித்துக்கொண்டு, அதோடு இந்தப் பட்டத்தையும் சேர்த்தார்கள். நிக்கோமீடியா சும்மா இருக்குமா? தாய்நகரம் என்றும் முதல் நகரம் என்றும் தன் பக்கம் எழுதிக்கொண்டது. இவர்கள் சந்தையில் அவர்களுடைய சில்லறை செல்லாமல் போனாலும், அதில் எழுதியிருப்பது மட்டும் இவர்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

புரூசாவில் பிறந்த டியோ கிரிசோஸ்டம் என்ற பேச்சாளர், நிக்கோமீடியாவில் நின்று இந்தப் பகையை விடுங்கள் என்று பேசியிருக்கிறார். அந்த உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயருக்காகச் சண்டை போடுகிறீர்கள், பெயரால் எதுவும் கிடைக்கப்போவதில்லை, உங்களைப் பார்த்து ரோமானியர்கள் சிரிக்கிறார்கள், இவற்றைக் ‘கிரேக்கர்களின் கிறுக்குகள்’ என்கிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். இன்னும் கூர்மையான ஒன்றையும் சொல்கிறார். ஊழல் செய்யும் ஆளுநர் இரண்டு ஊர்களில் ஒன்றைக் கைக்குள் போட்டுக்கொண்டால் போதும். மற்ற ஊர் கொடுக்கும் புகாரை இந்த ஊரை வைத்தே முறியடித்துவிடுவார். அரசியல் புரிந்த மனிதர். கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கேட்டு நடந்ததற்குக் காசுகளில் அடையாளம் இல்லை.

அதே பகுதிக்கு ஏறத்தாழ கி.பி. 110இல் ஆளுநராக வந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு ஊர்களின் பெருமைச் செலவும் கணக்கோடு பதிவாகியிருக்கிறது. நிக்கோமீடியா செஸ்டர்ஷியஸ் என்ற ரோமானியக் காசில் 33 லட்சத்துக்கும் மேல் கொட்டி ஒரு நீர்ப்பாலம் கட்டத் தொடங்கி, பாதியில் கைவிட்டு இடித்தது. இரண்டாவதாகத் தொடங்கிய பாலமும் நின்றுபோனது. நிக்கேயா ஒரு கோடிக்கும் மேல் செலவிட்டுக் கட்டிய அரங்கம் முடியும் முன்பே வெடிப்பு விட்டு அமிழ்ந்துகொண்டிருந்தது. அந்த அரங்கத்தின் இடிபாடு இஸ்னிக்கில் இன்றும் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது அதைவிட என்னை நிறுத்திவைத்தவை நகர வாயில்கள். கிழக்கு, வடக்கு வாயில்களில் ஊரின் பட்டங்களைச் சொல்லும் பழைய கிரேக்கக் கல்வெட்டு உண்டு. அதில் பெருமைச் சொற்கள் இருந்த இடங்களை உளியால் கொத்தியிருக்கிறார்கள்.

கொத்தியதற்குப் பின்னால் ஓர் உள்நாட்டுப் போர் இருக்கிறது.

192ஆம் ஆண்டின் கடைசி நாளில் பேரரசர் கொமோடஸைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கிளாடியேட்டராகக் களத்தில் இறங்கி, தன்னை ஹெராக்ளிஸ் என்று அழைத்துக்கொண்ட அவரைச் செனட் பொது எதிரி என்று அறிவித்தது. நிக்கேயா அவருடைய காலத்தில் அடித்த காசு ஒன்றின் பின்புறத்தில், ‘கொமோடஸ் ஆளும்போது உலகம் நலமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறது. பேரரசரைப் புகழாத ஊர் கிடையாது என்றாலும், இந்த அளவுக்கு முழு வாக்கியமாகவே குழைந்த காசு அரிது. நான் வைத்திருப்பது ஓரம் தேய்ந்த பிரதி. ‘உலகம்’ தெரிகிறது, ‘நலம்’ பாதி போய்விட்டது. விற்றவர் அதைக் குறை என்று சொல்லி விலையைத் தணித்தார், நான் மறுக்கவில்லை.

கொமோடஸுக்குப் பின் அரியணைக்கு வந்த போட்டியாளர்களில் கிழக்கைப் பிடித்தவர் பெசென்னியஸ் நைஜர். மேற்கிலிருந்து வந்தவர் செப்டிமியஸ் செவெரஸ். 193இல் குசிக்கஸ் அருகே நைஜரின் படை தோற்றதும், நிக்கோமீடியா உடனே செவெரஸுக்குத் தூது அனுப்பியது. நிக்கேயா என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். நிக்கோமீடியா அந்தப் பக்கம் என்றால் நாங்கள் இந்தப் பக்கம் என்று நைஜரின் ஆட்களுக்குக் கதவைத் திறந்தது. இதைப் பதிவுசெய்த ஹெரோடியன் என்ற வரலாற்றாசிரியர், அவர்கள் பேரரசர்கள்மேல் கொண்ட அன்பால் அல்ல, ஒருவர்மேல் ஒருவர் கொண்ட காழ்ப்பால் பிரிந்தார்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறார். அடுத்த போர் நிக்கேயாவுக்கும் கியோஸுக்கும் இடைப்பட்ட கணவாய்களில் நடந்தது. நைஜரின் படை மீண்டும் தோற்றது. 194இல் இஸ்ஸஸில் எல்லாம் முடிந்தது.

செவெரஸ் மறக்கும் ஆளல்லர். தன்னை எதிர்த்துத் தாக்குப்பிடித்த பைசாண்டியத்தை நீண்ட முற்றுகைக்குப் பின் பிடித்து, நகரம் என்ற தகுதியைப் பறித்து, பெரிந்தஸ் ஊருக்குக் கீழ்ப்பட்ட கிராமமாக்கினார். பேரூரான அந்தியோகியாவைக்கூட அதன் போட்டி ஊரான லாவோதிக்கேயாவுக்குக் கீழே வைத்தார். எந்த ஊருக்கு எந்த ஊர்மேல் காழ்ப்பு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு தண்டித்தார் போலும். நிக்கேயா பட்டங்களை இழந்தது. வாயில் கல்வெட்டில் உளி விழுந்தது. நிக்கோமீடியாவோ பேரரசர் வழிபாட்டுக் கோயிலின் காவல் நகரம் என்ற பட்டத்தை இரண்டாம் முறையும் பெற்று, ‘இருமுறை கோயில் காவலர்’ என்று காசில் எழுதிக்கொண்டது. போர் நடந்த கணவாயின் மறுகோடியில் இருந்த சிற்றூர் கியோஸ், இன்றைய கெம்லிக், இதற்குள் ஒரு காசு அடித்தது: ‘செவெரஸ் ஆளும்போது உலகம் நலமாக இருக்கிறது, கியோஸ்காரர்கள் பேறுபெற்றவர்கள்.’ கொமோடஸுக்கு நிக்கேயா எழுதிய அதே வாக்கியம், பெயர் மட்டும் வேறு. இந்தக் காசு என்னிடம் இல்லை. எப்போதாவதுதான் ஏலத்துக்கு வருகிறது; வந்தாலும் என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

பெரிய வரலாற்று நூல்களில் செவெரஸின் வெற்றி இரண்டு பத்தியில் முடிந்துவிடும். அதை அந்த ஊரார் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு, யார் பட்டம் யாருக்குப் போனது, யார் வாய் மூடினார்கள் என்பதற்கு, இந்தச் சில்லறைதான் சான்று. 194க்குப் பிறகான நிக்கேயாக் காசுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல்வர்கள் இல்லை, தாய்நகரம் இல்லை. வெறும் ‘நிக்கேயாக்காரர்களுடையது’.

பட்டம் போன ஊர் வேறு வழியில் தன் பெருமையைத் தேடிக்கொண்டது. வான்பொருள்களை அளந்த ஹிப்பார்க்கஸ் எங்கள் ஊர்க்காரர் என்று அவரைக் கோளத்தோடு உட்காரவைத்துக் காசில் பொறித்தது. ஹோமரைப் பொறித்தது. மூன்றாம் கார்டியன் காலத்துக் காசு ஒன்றில் வினோதமான குதிரை வருகிறது. அதன் முன்னங்கால் ஒன்று மனிதக் கால், வால் பாம்பு. ‘மனிதக்கால் குதிரை’ என்று பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒரு தெய்வ வீரன். ரோமில் அடித்த எந்தக் காசிலும் இதைப் பார்க்க முடியாது. உள்ளூர்க்காரனுக்கு மட்டும் தெரிந்த கதை, உள்ளூர்க்காரன் கையில் மட்டும் புழங்கிய காசு.

‘உள்ளூரில் மட்டும்’ என்று சொல்லும்போதே நிக்கேயாவின் மிக மலிவான காசு குறுக்கே வருகிறது. செவெரஸ் அலெக்சாந்தர், மூன்றாம் கார்டியன் காலங்களில் அது அடித்த, படைக்கொடிகள் நட்டுவைத்த சிறு காசுகள் அவை. ஏலங்களில் அவை கொத்துக்கொத்தாக வரும். பித்தினியாவைத் தாண்டி டான்யூப் ஆற்றுப் பக்கமும் கிடைக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்குப் போருக்குப் போன படைகளின் பாதை நிக்கேயா வழியாகச் சென்றது. சிப்பாய்களின் பையில் ஏறிய சில்லறை அவர்களோடு வீடு திரும்பியிருக்கிறது. மற்றபடி இந்தக் காசுகள் வீட்டுப் பறவைகள்தான்.

நம் பக்கத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்களைப் பார்த்தாலும் இது தெரிகிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே பானையில் கிடைத்த 501 நாணயங்களும் பொன். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. கொங்குப் பகுதியில் அகப்பட்டவை பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளித் தெனாரியஸ்கள். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் கடல் தாண்டி வந்தவை உலோக மதிப்புள்ளவைதான். எபேசஸின் சில்லறையை முசிறியில் யார் வாங்குவார்கள்? கரூர் அமராவதி மணலிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைக்கும் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் பிந்தியவை. அவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அப்போது ஊர்களின் காசடிப்பு முடிந்து, பேரரசு முழுவதற்கும் ஒரே மாதிரிச் சில்லறை வந்திருந்தது. ‘தமிழன்தானே, நம் ஊர் ரோமானியக் காசைச் சேர்க்கக் கூடாதா’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் மண்ணில் கிடைத்தவை அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை என்பது என் பதில். அது போக, அவற்றில் ரோம்தான் பேசுகிறது. எனக்கு ஊர் பேச வேண்டும்.

நிக்கேயாவை விட்டு வெளியே நான் வாங்கியவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தென்மேற்குத் துருக்கியில் காரியா நாட்டின் ஸ்திராத்தோனிக்கேயா அடித்த பெரிய வெண்கலக் காசு. செவெரஸின் மகன்கள் காரகல்லாவும் கெட்டாவும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்க வேண்டும். 211 டிசம்பரில், தாய் ஜூலியா டொம்னாவின் மடியிலேயே தம்பி கெட்டாவைக் காரகல்லா கொல்லச் செய்தார். கெட்டாவின் பெயரும் உருவமும் பேரரசு எங்கும் அழிக்கப்பட்டன. கல்வெட்டில் அழிப்பது எளிது. புழக்கத்தில் இருக்கும் சில்லறையை என்ன செய்வது? ஸ்திராத்தோனிக்கேயா அதையும் செய்தது. காசுகளைத் திரட்டி, கெட்டாவின் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, சிறு முத்திரைகளை மேலே குத்தி, மீண்டும் சந்தைக்கு விட்டது. அதே ஊர் ஏற்கெனவே காரகல்லாவின் மனைவி பிளாட்டில்லாவின் முகத்தையும் இப்படிச் சுரண்டியிருக்கிறது. காரகல்லா யாருடன் சேர்ந்து நின்றாலும் கடைசியில் தனியாகத்தான் நிற்கிறார். என் காசில் கெட்டா இருந்த இடம் வழவழப்பாக இருக்கிறது. கழுத்தின் ஓரம் மட்டும் தப்பியிருக்கிறது.

இத்தனை ஊர்களிலும் இத்தனை நல்ல செதுக்குக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எனக்குத் தொடக்கத்தில் இருந்தது. கொன்ராட் கிராஃப்ட் என்ற ஜெர்மன் அறிஞர் 1972இல் இதற்கு ஆதாரத்தோடு விடை தந்தார். சிறிய ஆசியாவின், அதாவது இன்றைய ஆசியத் துருக்கியின், பல ஊர்க் காசுகளின் முகப்பு ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை. அதாவது, ஊருக்கு ஊர் தனிப் பட்டறை கிடையாது. சில பட்டறைகள் பல ஊர்களுக்கும் செய்துகொடுத்தன. பேரரசர் தலை பொது; பின்புறம் ஊருக்கு ஏற்றபடி. ஊர்ப்பெருமையை ஒப்பந்தக்காரர் செதுக்கித் தந்தார் என்று அறிந்ததும் சிலருக்கு இந்தக் காசுகள்மேல் ஆர்வம் குறையலாம். எனக்குக் கூடியது. என்ன எழுத வேண்டும் என்று ஊர்தானே சொல்லியிருக்கும்?

வெண்கலம் சேர்ப்பவனின் உண்மையான எதிரி களிம்பு. நல்ல களிம்பு உண்டு: கெட்டியாக, கரும்பச்சையாக, காசின்மேல் தோல் போலப் படிந்து அதைக் காக்கும். கெட்டது வெளிர்பச்சைப் பொடியாக வரும். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அது உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதைக் கண்டதும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிவைப்பது என் வழக்கம். பி.வி.சி. உறைகளை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. எலுமிச்சையும் புளியும் போட்டுத் துலக்குகிறேன் என்று குத்துவிளக்கு நினைப்பில் இறங்குபவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இருந்தால் நன்றாயிருக்கும்.

போலிகளைவிட எனக்கு அதிக எரிச்சல் தருபவை ‘திருத்திய’ காசுகள். வார்ப்புப் போலியை விளிம்பின் கோட்டிலும் பரப்பின் குமிழிகளிலும் பெரும்பாலும் பிடித்துவிடலாம். உண்மையான, தேய்ந்த காசை எடுத்துத் தலைமுடியையும் எழுத்தையும் ஊசியால் புதிதாகக் கிண்டி எடுத்தால் பிடிப்பது கடினம். நிக்கேயாவின் நேர்மையான தேய்மானத்தை அழித்துவிட்டு ஒரு பொய்யான இளமையை அதற்குக் கொடுக்கிறார்கள். அதற்கு விலையும் கூடுகிறது. வாங்குபவர்கள் இருக்கிறார்களே!

இதைவிடக் கடினமான கேள்வி, இந்தக் காசுகள் எங்கிருந்து வருகின்றன என்பது. துருக்கிச் சட்டம் தொல்பொருளை வெளியே கொண்டுபோக விடுவதில்லை. பல்கேரியாவில் உலோகங்காணியோடு இரவில் தோண்டுபவர்கள் ஒரு குடியேற்றத்தின் அடுக்குகளையே கலைத்துவிடுகிறார்கள். எந்த மண்ணில், எந்தச் சுவரோரம், எந்தப் பானையோடு கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், மிஞ்சுவது ஓர் உலோக வில்லைதான். அமெரிக்கா 2014இல் பல்கேரியாவுடனும் 2021இல் துருக்கியுடனும் இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. ஜெர்மனி 2016இல் பண்பாட்டுச் சொத்துக் காப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இறக்குமதி விதிகள் 2025 ஜூன் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சேகரிப்பாளர் கூட்டங்களில் இவற்றைத் திட்டாதவரைப் பார்ப்பது அரிது. நான் திட்டுவதில்லை. பழைய சேகரிப்பின் சீட்டு இல்லாத காசை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பழைய மரப்பெட்டியிலிருந்து, மங்கிய மையில் எழுதிய வட்டச் சீட்டோடு வரும் காசுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறேன். இதனால் என் தட்டு மெதுவாகத்தான் நிறைகிறது. வருத்தமில்லை. சீட்டு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன் தோண்டியவனும் குறிப்பு எழுதிவைத்துவிட்டுத் தோண்டவில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இந்த உலகமே குலைந்தது. பேரரசின் வெள்ளி நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே போய், 260களில் வெள்ளிப் பூச்சுப் பூசிய செம்பாகிவிட்டது. விலைகள் ஏறின. அசாரியாக் கணக்கில் சில்லறை அடிப்பதற்கு ஆகும் செலவு, அந்தச் சில்லறையின் மதிப்பைத் தாண்டியது. ஊர்கள் ஒவ்வொன்றாகக் காசடிப்பை நிறுத்தின. சிறிய ஆசியாவில் கடைசிவரை தாக்குப்பிடித்தது பெர்கே. 275-276இல் ஆண்ட டாசிட்டஸ் வரை அடித்தது. தனிக் கணக்கு வைத்திருந்த எகிப்தின் அலெக்சாந்திரியா மட்டும் இன்னும் இருபது ஆண்டு நீடித்தது.

பித்தினியாவுக்கு அதற்கு முன்பே அடி விழுந்தது. 250களின் பிற்பகுதியில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கடல்வழி வந்து நிக்கோமீடியாவையும் நிக்கேயாவையும் கொளுத்தினார்கள். பெரிய மதிலைக் கட்ட வேண்டிய நிலைக்கு நிக்கேயா வந்தது. இன்றைய இஸ்னிக்கைச் சுற்றி நிற்பது அந்த மதில்தான். உளி விழுந்த பழைய வாயில்கள் அதற்குள் அடங்கிவிட்டன. 260-261இல் கிழக்கில் மக்ரியானஸ், குயீட்டஸ் என்ற இரண்டு சகோதரர்கள் பேரரசர்களாக அறிவிக்கப்பட்டபோது, நிக்கேயா அவர்கள் தலையையும் காசில் பொறித்தது. அவர்களும் தோற்றார்கள். இம்முறை நிக்கேயாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வட்டாரம் முழுவதும் அவர்கள் கையில் இருந்தபோது அதற்கு வேறு வழி இருந்திருக்காது.

நிக்கேயாவின் கடைசிச் சில ஆண்டுகளின் காசுகளில் விளையாட்டுப் போட்டிகளின் பரிசுக் கிரீடங்கள் வருகின்றன. அக்கம்பக்கம் எரிந்துகொண்டிருந்தபோதும் போட்டி விழாவை அறிவித்திருக்கிறார்கள். அதே காலத்தில் நிக்கோமீடியா, ‘மும்முறை கோயில் காவலர்’ என்று பேரரசர்கள் கொடுத்த பட்டத்தைத் தவறாமல் அச்சிட்டுக்கொண்டிருந்தது. நிக்கேயாவுக்கு எழுத அப்படி எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியவர்கள் எழுபது ஆண்டுகளாகக் கொடுக்கவில்லை. அதனால் யாரிடமும் கேட்காமல், எந்தப் பேரரசரும் கொடுக்காத, எவரும் பறிக்கவும் முடியாத ஒன்றைத் தானாகவே எழுதிக்கொண்டது: ‘மாபெரியவர்களும் மிகச் சிறந்தவர்களுமான நிக்கேயாக்காரர்களுடையது.’